ரெசிஸ்ட்: புற்றுக்கட்டியை அளக்கும் விதி

ரெசிஸ்ட் என்பது, புதிய புற்றுநோய் மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகளில் கட்டி சுருங்கியதா வளர்ந்ததா என்பதை ஸ்கேன் படங்களைக் கொண்டு தீர்மானிக்க உலகெங்கும் கையாளப்படும் விதித்தொகுப்பு.

இதன் கதை ஸ்கேன் அறையில் தொடங்கவில்லை. 1976இல் வெளியான ஆய்வொன்றில், மோர்டெல், ஹேன்லி என்ற ஆய்வாளர்கள் கட்டிகளுக்குப் பதிலாக 12 கெட்டி உருண்டைகளை ஒரு மெத்தைமேல் பரப்பி, நுரை ரப்பரால் மூடினார்கள். அனுபவமுள்ள 16 புற்றுநோய் மருத்துவர்கள் மேலிருந்தபடியே தடவிப் பார்த்து அளந்தார்கள். உருண்டைகள் மாறவில்லை, அளவுகள் மாறின. பரப்பு 25% குறைந்தாலே மருந்து பலித்ததாகக் கொண்டால், ஏறக்குறைய ஐந்தில் ஒரு முறை கைப்பிழையே பலனாகத் தோன்றியது. வரம்பை 50% ஆக்கியதும் அந்தப் பிழை 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது.

உலக சுகாதார நிறுவனம் 1979இல் வெளியிட்ட கையேடும் 50 சதவீதத்தையே வரம்பாகக் கொண்டது. கட்டியின் நீளத்தை அகலத்தால் பெருக்க வேண்டும். அந்தப் பெருக்குத்தொகை பாதியானால் பகுதிப் பலன், 25% கூடினால் நோய் முற்றுகிறது. எத்தனை கட்டிகளை அளப்பது என்பதில் தெளிவில்லாததால் ஒவ்வொரு ஆய்வுக் குழுவும் தனக்கென ஒரு வழக்கம் வைத்துக்கொண்டது.

ஐரோப்பிய, அமெரிக்க, கனடா புற்றுநோய் ஆய்வு அமைப்புகள் சேர்ந்து 2000இல் ரெசிஸ்டை வெளியிட்டன. பெருக்கல் போய்விட்டது. கதிரியல் மருத்துவர் சி.டி. படத்தில் கட்டி மிகப் பெரிதாகத் தெரியும் வெட்டைத் தேர்ந்து, ஓரத்திலிருந்து எதிர் ஓரத்துக்கு ஒரே கோடு இழுப்பார். கோடுகளின் கூட்டுத்தொகை 30% குறைந்தால் பகுதிப் பலன். உருண்டையான கட்டியில் இது பழைய 50 சதவீதத்துக்குச் சமம். நோய் முற்றுவதற்கான வரம்போ தளர்ந்தது: விட்டம் 20% கூடினால் பரப்பு 44% கூடியிருக்கும். 2009இல் வந்த 1.1 பதிப்பு, அளக்கும் கட்டிகளின் உச்ச எண்ணிக்கையைப் பத்திலிருந்து ஐந்தாக்கியது. 20 சதவீதத்தோடு குறைந்தது 5 மி.மீ. வளர்ச்சியும் வேண்டும் என்றது.

இதற்குள் மருந்துகளே மாறிவிட்டன. இமாட்டினிப் என்ற மருந்து கொடுக்கப்பட்ட சில இரைப்பை, குடல் கட்டிகள் சுருங்காமலே செயலிழந்தன. படத்தில் அவற்றின் அடர்த்தி மட்டும் குறைந்தது. 2007இல் வந்த சோய் விதிகள் அந்த அடர்த்தியையும் கணக்கில் எடுத்தன.

உடலின் நோயெதிர்ப்பாற்றலைக் கொண்டே புற்றைத் தாக்கும் இம்யூனோதெரபி இன்னொரு சிக்கலைக் கொண்டுவந்தது. சில நோயாளிகளுக்குக் கட்டி முதலில் பெருத்துப் பிறகு கரைந்தது. பழைய விதிப்படி பாதியிலேயே மருந்தை நிறுத்தியிருப்பார்கள். இத்தகைய சிகிச்சைக்கென 2017இல் வந்த ஐரெசிஸ்ட் வழிகாட்டுதல், நோயாளியின் உடல்நிலை சீராக இருந்தால் 4 முதல் 8 வாரங்களில் மறு ஸ்கேன் எடுத்து உறுதிசெய்யச் சொல்கிறது. ஆனால் மருந்துகளை ஒப்பிடும் ஆய்வுகளில் முதன்மை அளவுகோலாக 1.1 பதிப்பே நீடிக்கட்டும் என்றும் அதே வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது.