பெண்களில் மரபுவழிப் புற்றுநோய் இடரும் செவிலியர் பணியும்

பெற்றோர் வழியாகப் பிறப்பிலேயே வந்த மரபணுப் பிறழ்வால் ஒருவருக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடியிருப்பதே மரபுவழிப் புற்றுநோய் இடர். இதில் வழிவழியாக வருவது இடர்தான், நோய் அன்று. மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடு இவ்வகையைச் சேர்ந்தவை.

காரணம்

17ஆம் குரோமோசோமில் உள்ள பிஆர்சிஏ1, 13ஆம் குரோமோசோமில் உள்ள பிஆர்சிஏ2 ஆகிய மரபணுக்கள், டிஎன்ஏ சிதைவைச் சீர்செய்யும் புரதங்களை உருவாக்க உதவுகின்றன. இவை பழுதுபட்டால் மார்பகத்திலும் சினைப்பையிலும் புற்றுநோய் இடர் ஏறுகிறது. மற்றொரு மரபுவழிக் கோளாறான லிஞ்ச் நோய்த்தொகுதி கருப்பை, பெருங்குடல் புற்றுநோய்களுக்கு வழிகோலுகிறது. தாய், தந்தை இருவரில் யாரிடம் பிறழ்வு இருந்தாலும், அது ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 விழுக்காடு வாய்ப்புண்டு.

வரலாறு

பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா, தம் மனைவியின் குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய் தலைமுறைதோறும் தொடர்ந்ததை 1866இல் பதிவு செய்தார். 1990இல் அமெரிக்க அறிவியலாளர் மேரி-கிளேர் கிங், பிஆர்சிஏ1 இருக்கும் குரோமோசோம் பகுதியைச் சுட்டினார். அம்மரபணு 1994இலும் பிஆர்சிஏ2 1995இலும் பிரித்தறியப்பட்டன.

இடரின் அளவும் தடுப்பும்

2017இல் வெளியான பன்னாட்டு ஆய்வின்படி, 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பிஆர்சிஏ1 பிறழ்வுடைய பெண்களுக்கு 72 விழுக்காடு. பிஆர்சிஏ2 பிறழ்வுடையோருக்கு 69 விழுக்காடு. சினைப்பைப் புற்றுநோய்க்கு இவை முறையே 44, 17 விழுக்காடு. எம்ஆர்ஐ, மேமோகிராம் பரிசோதனைகள் மார்பகப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறிய உதவுகின்றன. சினைப்பைக்கு அத்தகைய நம்பகமான பரிசோதனை இல்லாததால், குழந்தைப்பேறு முடிந்தபின் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றப் பரிந்துரைக்கின்றனர்.

செவிலியர் பணி

மூன்று தலைமுறைக் குடும்ப நோய் வரலாற்றைக் கேட்டு வரைவது முதல் பணி. தந்தைவழி அத்தைமாரையும் பாட்டியையும் விட்டுவிட்டால் இடர் கண்ணில் படாமலே போகும். மரபணுப் பரிசோதனைக்கு முன், முடிவு மூன்று விதமாக வரலாம் என்பதை விளக்க வேண்டும்: பிறழ்வு உண்டு, இல்லை, பொருள் தெளிவற்ற மாற்றம். பரிசோதிப்பதா வேண்டாமா என்பது இடருள்ள பெண்ணின் சொந்தத் தீர்மானம். அவரை வற்புறுத்தக் கூடாது. சினைப்பை அகற்றியவர்களுக்குத் திடீர் மாதவிடாய் நிறுத்தத்தால் உடல் அனலும் தூக்கமின்மையும் எலும்புத் தேய்வும் வரலாம். இவற்றைக் கவனித்து ஆற்றுப்படுத்துவதும் செவிலியர் பொறுப்பே.

ஒரு பெண்ணின் பரிசோதனை முடிவு அவருடைய உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் உரிய செய்தியாகிறது. அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று தவிப்பவருக்குச் செவிலியர் துணைநிற்கிறார். அக்காவுக்கு இருக்கும் பிறழ்வு தனக்கு இல்லை என அறிந்த தங்கையும் குற்றவுணர்வில் வாடுவதுண்டு. அவரிடமும் உட்கார்ந்து பேச வேண்டும்.