கழற்றி மாட்டும் டயர் பிறந்த கதை

காரைக்கால் மேடு பள்ளம் அறியாத ஊர். ஆற்றுப்பாலம் ஏறும்போது தவிர, சைக்கிளில் போகிறவருக்கு மூச்சு வாங்குகிற வேலை கிடையாது. திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் என்று எந்தப் பக்கம் மிதித்தாலும் சமதரைதான். பகை என்றால் முள் ஒன்றுதான். அது குத்தினாலும் யாரும் பதறுவதில்லை. சைக்கிள் கடைக்காரர் டயரின் ஓரத்தைக் கம்பியால் நெம்பி டியூபை உருவுவார். காற்றடித்துத் தண்ணீரில் முக்கி, குமிழி வரும் இடத்தைக் குறித்துக்கொள்வார். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஒட்டுப் போடுவார். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிடும்.

டயர் என்றால் ரிம்மிலிருந்து கழன்று வரும் என்பது நமக்குப் பிறவியிலேயே தெரிந்த விஷயம் போல ஆகிவிட்டது. முதலில் அது அப்படி இல்லை.

1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த டன்லப், தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயர் செய்தார். அதுவரை கெட்டி ரப்பர் வளையத்தில் எலும்பு குலுங்க ஓட்டியவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் டயர் ரிம்மோடு ஒட்டப்பட்டிருந்தது. மறு ஆண்டு அப்படிப்பட்ட டயர் ஒன்று பஞ்சராகி, பிரான்சில் கிளெர்மோன் ஃபெரான் ஊரில் இருந்த மிஷலின் சகோதரர்களின் ரப்பர் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. பிய்த்தெடுத்துச் சரிசெய்ய மூன்று மணி நேரம் ஆனது. பசை காய இரவு முழுவதும் காத்திருந்தார்கள். காலையில் இளையவர் எடுவார் மிஷலின் ஏறி மிதித்தார். சற்றுத் தூரத்திலேயே காற்று இறங்கிவிட்டது. எடுவார் ஓவியம் பயின்றவர்; குடும்பத் தொழில் நொடித்ததால் பாரிஸிலிருந்து ஊர் திரும்பியவர். காற்றின் மேல் ஓடுவதன் சுகமும் பசையின் கொடுமையும் அவருக்கு ஒரே நாளில் தெரிந்துபோயின. டயரைப் பசையில்லாமல் ரிம்மில் இறுக்கிப் பிடிக்க வேண்டும், வேண்டும்போது கழற்ற வேண்டும் என்று முனைந்து, திருகாணிகளால் பிணைக்கும் ஒரு முறையை 1891இல் கொண்டுவந்தார்.

கண்டுபிடித்தால் மட்டும் போதுமா? ஊர் நம்ப வேண்டும். அதற்கு ஒரு மனிதர் தேவைப்பட்டார்.

அவர்தான் ஷார்ல் தெரோன். 1857இல் பாரிஸை ஒட்டிய சேன்துவான் ஊரில் பிறந்தவர். முன்சக்கரம் ஆளுயரத்துக்கு இருந்த காலத்துச் சைக்கிளிலேயே பந்தயம் ஓடிப் பேரெடுத்தவர். லண்டனில் ஆறு நாள் நடக்கும் போட்டிகளிலும் ஓடிப் பழகியவர். 1891இல் வயது 34. பந்தயக்காரர்கள் ஓய்வு பெறுகிற வயதில் அவர் வாழ்வின் பெரிய பந்தயம் வந்தது.

‘லெ பெத்தி ஜூர்னால்’ என்ற பாரிஸ் நாளிதழின் பியேர் ஜிஃபார், பாரிஸிலிருந்து மேற்குக் கடலோரத்துப் பிரெஸ்ட் வரை போய்த் திரும்பும் போட்டியை அறிவித்தார். சுமார் 1,200 கிலோமீட்டர். வழியில் வண்டியை மாற்றாதிருக்க ஒவ்வொன்றுக்கும் முத்திரை வைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு மட்டுமே அனுமதி. ஏழு பெண்கள் பெயர் கொடுத்தும் சேர்த்துக்கொள்ளவில்லை. (சரியாக நூறு ஆண்டு கழித்து, 1991இல், நம் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொண்டு ஆயிரமாயிரம் கிராமத்துப் பெண்கள் சாலைக்கு வந்தார்கள். பாரிஸில் மறுக்கப்பட்ட அந்த எழுவரை எண்ணும்போது எனக்குப் புதுக்கோட்டைதான் நினைவுக்கு வருகிறது.)

செப்டம்பர் 6ஆம் தேதி காலை இருநூற்றுச் சொச்சம் பேர் புறப்பட்டார்கள். தெரோன் மிஷலின் டயரில் ஓடினார். முக்கியப் போட்டியாளரான ஜியேல் லவால் ஓடியது டன்லப் டயரில். பிரெஸ்டை முதலில் தொட்டவர் லவால்தான். வழியில் தெரோனுக்குப் பஞ்சர் ஆனது, நேரம் போனது. ஆனாலும் கழற்ற முடிந்தது, மாட்ட முடிந்தது, மறுபடி ஏறி ஓட முடிந்தது. இந்தக் கதையில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்தப் பஞ்சர்தான். பஞ்சரே ஆகாமல் வென்றிருந்தால் அதை அதிர்ஷ்டம் என்று சொல்லியிருப்பார்கள். பஞ்சராகியும் வென்றதால்தான் டயர் நிரூபணமானது.

திரும்பும் வழியில் கேங்கான் என்ற ஊரில் லவால் படுத்துத் தூங்கினார். அந்த நேரத்தில் தெரோன் அவரைக் கடந்து போய்விட்டார். மூன்று இரவும் அவர் கண்மூடவில்லை. 71 மணி 22 நிமிடத்தில், விடியற்காலையில் அவர் பாரிஸை அடைந்தபோது ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள். லவால் வந்து சேரப் பல மணி நேரம் ஆனது. 1893இல் இதே தெரோன் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து பாரிஸ் வரை ஏறத்தாழ 3,000 கிலோமீட்டரை 14 நாள் சொச்சத்தில் மிதித்துக் கடந்தார்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். இன்று நம் சைக்கிள் கடைக்காரர் கம்பியால் நெம்புகிற டயர் மிஷலினின் திருகாணி டயர் அல்ல. ஓரத்தில் கம்பி வைத்து ரிம்முக்குள் உட்காரும் முறைக்கு 1890இல் இங்கிலாந்தில் வெல்ச் என்பவர் காப்புரிமை பெற்றிருந்தார். அதுவே நிலைத்தது. ஆனாலும், கழன்று வரும் டயரை நம்பி நெடுந்தூரம் போகலாம் என்று உலகுக்குக் காட்டியது பிரெஸ்ட் சாலைதான்.

அந்த நம்பிக்கைக்கு விலையும் இருந்தது. முதலில் சைக்கிள், பிறகு மோட்டார் வண்டி என்று டயர் பெருகப் பெருக, ரப்பருக்கு உலகம் அலைந்தது. பிரேசிலின் காட்டு ரப்பர் போதவில்லை. மலாயாவில் காடுகளை அழித்துத் தோட்டம் போட்டார்கள். பால் வெட்ட ஆள் வேண்டும். காரைக்காலுக்குத் தெற்கே சுமார் இருபது கிலோமீட்டரில் இருக்கும் நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் கப்பலாகத் தமிழர்கள் பினாங்குக்கு ஏற்றப்பட்டார்கள். கங்காணிகள் ஊர் ஊராக வந்து ஆள் சேர்த்தார்கள். ஏற்கெனவே காரைக்காலிலிருந்து ரெயூனியன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளின் கரும்புக் காட்டுக்கு ஆள் அனுப்பிப் பழகிய கடற்கரை இது. கங்காணிகள் மூலம் மலாயாவுக்கு ஆள் போவது 1938இல் இந்திய அரசு தடைசெய்யும் வரை நடந்தது. மிஷலின் நிறுவனமும் 1920களில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த வியட்நாமில் சொந்த ரப்பர்த் தோட்டங்கள் தொடங்கியது. அங்கே அடிபட்டவர்கள் வியட்நாமியத் தொழிலாளர்கள். இன்று அதே நிறுவனத்தின் டயர் ஆலை நம் திருவள்ளூர் மாவட்டத்துத் தேர்வாய் கண்டிகையில் ஓடுகிறது.

பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் இன்றும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. இப்போது அது பந்தயமில்லை. 90 மணி நேரத்துக்குள் முடித்தால் போதும். இந்தியாவிலிருந்தும் பலர் போய் முடித்துவிட்டு வருகிறார்கள். தெரோன் பெயர் அங்கே மரியாதையோடு சொல்லப்படுகிறது. தகும். ஆனால் டயரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் டன்லப், மிஷலின், தெரோன் என்ற மூன்று பெயரோடு நிறுத்திவிடக் கூடாது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி, விடியும் முன் ரப்பர் மரத்தடியில் நின்ற நம் மக்களையும் அதில் சேர்க்க வேண்டும். அவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். கேட்டு எழுதிக்கொள்ள இன்னும் நேரம் இருக்கிறது.