சபைக் கணக்கில் வெட்டு எங்கே விழுகிறது?

உள்ளூராட்சி சபையில் பணம் குறைந்தால் முதலில் நிற்பது எது? புதிய வீதி, புதிய கட்டடம் என்பார்கள் பலர். பல வருடங்களாகச் செய்திக்காகச் சபை அமர்வுகளில் இருந்தவன் என்ற முறையில் என் பதில் வேறு. குப்பை ஏற்றும் உழவு இயந்திரத்துக்கு டயர் வாங்குவதுதான் முதலில் தள்ளிப்போகும்.

காரணம் கணக்கின் அமைப்பிலேயே இருக்கிறது. நிரந்தர ஊழியர்களின் சம்பளத்தில் பெரும்பகுதி மாகாணம் ஊடாக மீளக் கிடைக்கிறது. சபையின் சொந்தப் பணம் என்பது சோலைவரி, வியாபார உரிமக் கட்டணம், சந்தைக் குத்தகை போன்றவை. காணி கைமாறும்போது அறவிடப்படும் முத்திரை வரியும் நீதிமன்றத் தண்டப்பணமும் சபைக்கு வரவேண்டியவைதான். ஆனால் சுற்றி வருவதால், தேவைப்படும் மாதத்தில் அவை கையில் இருப்பதில்லை. எரிபொருள், திருத்த வேலை, அமைய ஊழியரின் நாட்கூலி ஆகியவை பெரும்பாலும் இந்தச் சொந்தப் பணத்தில்தான் நடக்கின்றன. நிரந்தரச் சம்பளத்தில் கைவைக்க முடியாது. ஆகவே வெட்டு இந்த மூன்றில்தான் விழும்.

2022இல் இது அப்பட்டமாகத் தெரிந்தது. அந்த வருட ஆரம்பத்தில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த ஒட்டோ டீசல், ஜூன் இறுதியில் 460 ரூபா. சோலைவரியோ அசையவில்லை. அது ஆதனத்தின் ஆண்டுப் பெறுமதியில் ஒரு வீதம். பழைய மதிப்பீடு இருக்கும் வரை, விலைவாசி எங்கே போனாலும் வரி அங்கேயே நிற்கும்.

அப்படியான காலத்தில் சபைகள் செய்வதில் சில புத்திசாலித்தனமானவை. சந்தைக் கழிவை நாள்தோறும் அகற்றிவிட்டு, ஒழுங்கைகளுக்கு வாரத்தில் ஒரு நாள் மட்டும் வண்டி விடுவது ஒன்று. உக்கும் கழிவை வீட்டிலேயே பிரித்து வைக்கச் சொல்வது இன்னொன்று. நம் நாட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியதுதான். அது வளவுக் கிடங்கிலேயே தங்கிவிட்டால் வண்டியின் நடை குறையும். சேதனப் பசளை விற்று இலாபம் பார்க்கலாம் என்று அமர்வுகளில் பேசுவார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. உண்மையான மிச்சம் டீசலில்தான்.

வடிகாலைத் தள்ளிப்போடுவது அப்படியல்ல. வடக்கில் மாரி மழைக்கு முன், ஒக்டோபருக்குள் வாய்க்கால் வெட்டித் துப்புரவாக்க வேண்டும். அந்தக் கூலியை மிச்சம் பிடித்தால் நவம்பரில் வீதியில் வெள்ளம் நிற்கும், மார்கழி, தையில் டெங்கு வரும். ஆனால் அந்தச் செலவு சபைக் கணக்கில் ஏறாது. ஆஸ்பத்திரிக் கணக்கிலும் வீட்டுக் கணக்கிலும்தான் ஏறும். அதனாலேயே இந்த வெட்டு இவ்வளவு இலகுவாக நடக்கிறது.

வருமானத்தைக் கூட்டலாமே என்று கேட்கலாம். வருடத்துக்குரிய சோலைவரியை ஜனவரி 31க்கு முன் முழுதாகக் கட்டுவோருக்கு 10 சதவீதக் கழிவு உண்டு. அதைப் பெறுபவர்கள் எப்படியும் கட்டக்கூடியவர்கள். நிலுவைக்காரரிடம் அறவிடச் சட்டத்தில் இடமிருக்கிறது. தன் வட்டாரத்து வாக்காளரின் படலையைத் தட்டத்தான் உறுப்பினர் எவரும் விரும்புவதில்லை.

பாதீட்டு விவாதத்திலாவது இவை பேசப்படுகின்றனவா என்றால், பெரும்பாலும் இல்லை. அங்கே இலக்கங்களை விடக் கதிரையே பெரிது. 2020 டிசம்பரில் யாழ். மாநகர சபையின் பாதீடு இரண்டாம் முறையும் தோற்று, முதல்வர் பதவியே பறிபோனது. பின்னர் 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. அந்த மாதம் 9ஆம் திகதிக்குக் குறிக்கப்பட்ட தேர்தல் நிதி இல்லையென்று நடக்காமல் போக, 2025 மே 6 தேர்தலுக்குப் பின் புதிய சபைகள் பொறுப்பேற்கும் வரை செயலாளர்களும் ஆணையாளர்களுமே நிர்வாகம் செய்தார்கள். எந்த வேலை ஏன் நின்றது என்று கேட்பதற்கு அந்த இரண்டு வருடங்களும் வட்டாரத்தில் உறுப்பினர் இருக்கவில்லை.

இப்போது இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க எனக்கு உள்ளது சின்னக் கேள்விதான்: வாகனத் திருத்தம், வடிகால், வீதி விளக்கு ஆகியவற்றுக்குச் சென்ற வருடம் ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு? பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். அமைய ஊழியர் எத்தனை பேருக்கு, எத்தனை நாள் வேலை கொடுக்கப்பட்டது என்பதையும் அதே விண்ணப்பத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.