ஹோல்ஸ்டைனர் குதிரை

ஹோல்ஸ்டைனர், வடஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தில், எல்பே ஆற்றை ஒட்டிய சதுப்பு நிலங்களில் உருவான குதிரை இனம். ‘வார்ம்பிளட்’ எனப்படும் ஐரோப்பிய விளையாட்டுக் குதிரை இனங்களுள் மிகப் பழையவற்றில் ஒன்று. தடை தாண்டலில் தனிப் பெயர் பெற்றது. வார்ம்பிளட் என்ற சொல் உடற்சூட்டைக் குறிப்பதன்று. அரபுக் குதிரைக்கும் பந்தயத் தரோபிரெட்டுக்கும் உள்ள துடிப்பையும், பாரம் இழுக்கும் கனத்த குதிரையின் பொறுமையையும் ஓருடலில் சேர்க்க முயன்ற வளர்ப்பு முறைக்கே அந்தப் பெயர்.

இலங்கை வாசகருக்கு இத்தகைய குதிரைகளை அறிமுகம் செய்தவர் மதில்டா கார்ல்சன். கண்டியில் பிறந்து, கைக்குழந்தையாகவே சுவீடன் தம்பதியரால் தத்தெடுக்கப்பட்டவர். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சோப்பின் விஏ என்ற குதிரையுடன் தடை தாண்டலில் இலங்கைக்காகக் களமிறங்கினார். ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் இலங்கையின் முதல் போட்டியாளர் அவரே. ஒலிம்பிக்கின் அந்தக் களம் ஏறக்குறைய முழுவதும் வார்ம்பிளட்டுகளின் களம்.

கண்டி யானையின் ஊர். பெரஹெரா ஊர்வலத்தில் புனித தந்த தாதுப் பேழையைச் சுமப்பது யானைதான். குதிரை இங்கே என்றும் வெளியிலிருந்தே வந்திருக்கிறது. கண்டி மன்னனின் தயவை வேண்டிய டச்சுக்காரர் அரசவைக்குக் குதிரைகளைப் பரிசாக அனுப்பினர். ஆங்கிலேயர் காலத்தில், ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் பணிப்பில், பொறியாளர் டோசன் கடுகண்ணாவைக் கணவாய் வழியே கொழும்பு–கண்டி வீதியை அமைத்தார். 1832இல் அவ்வீதியில் குதிரைகள் இழுக்கும் தபால் கோச்சு ஓடத் தொடங்கியது. 1867இல் ரயில் கண்டியை எட்டியதும் கோச்சுக் குதிரைகளுக்கு வேலை போயிற்று. ஹோல்ஸ்டைன் குதிரைகளுக்கும் இதே கதி வந்தது. ஆனால் அங்கே கதை வேறு விதமாகத் திரும்பியது.

வரலாறு

இந்த இனத்தைப் பற்றிய பேச்சு 13ஆம் நூற்றாண்டிலிருந்தே தொடங்குகிறது. ஊட்டர்சென் மடத்துத் துறவிகளுக்கு அப்பகுதிப் பிரபு மேய்ச்சல் உரிமை அளித்ததும், அவர்கள் குதிரை வளர்த்ததும் வழக்கமாகச் சுட்டப்படும் தொடக்கம். களிமண் சதுப்பில் உழவும், போரில் வீரனைச் சுமக்கவும் ஆன குதிரை அது. பெரிய எலும்பு, உயர்ந்த நடை, சாந்தமான குணம். 19ஆம் நூற்றாண்டில் வீதிகள் சீரடைந்து கோச்சு வண்டிகள் பெருகவே, இங்கிலாந்தின் யோர்க்ஷயர் வண்டிக்குதிரைகளைக் கலந்து நேர்த்தியான வண்டிக்குதிரையாக அதை மாற்றினார்கள். எல்ம்ஸ்ஹோர்ன் நகரில் 1894இல் சவாரிக்கும் வண்டியோட்டத்துக்குமான பள்ளி தொடங்கப்பட்டது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் தடை தாண்டலின் தனிநபர் தங்கத்தை வென்றது தோரா என்ற ஹோல்ஸ்டைனர் பெட்டை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் உழவு இயந்திரம் வந்தது. தேவையற்றுப் போன குதிரைகளை விற்றார்கள். டிராவென்டாலில் இருந்த அரசாங்கப் பொலிக்குதிரைப் பண்ணை 1960இல் மூடப்பட்டது. இனம் அத்தோடு மறைந்திருக்கலாம். வளர்ப்பாளர் சங்கமே பொலிக்குதிரைகளின் பொறுப்பை ஏற்றது; கனத்த வண்டிக்குதிரையை மெலிந்த, விரைவான சவாரிக் குதிரையாக்கத் துணிந்தது. அதற்காகத் தரோபிரெட் பொலிக்குதிரைகளைக் கொண்டுவந்தனர். அவற்றுள் லேடிகில்லர் முக்கியமானது. 1971இல் பிரான்சிலிருந்து கோர் டி லா பிரியேர் வந்தது. 1968இல் பிறந்த அந்தக் குதிரை, தடைக்கு மேலே முதுகை வளைத்துக் கடக்கும் மென்மையைச் சந்ததிக்குக் கொடுத்தது. இன்று உலகின் முன்னணித் தடை தாண்டும் குதிரைகளின் குலவரிசையைத் தேடினால் அதன் பெயர் அடிக்கடி எதிர்ப்படும்.

இயல்புகள்

உயரம் தோளளவில் பொதுவாக 162 முதல் 172 செ.மீ. செம்பழுப்பு உடலும் கறுப்புப் பிடரியுமே மிகுதி. கழுத்து உயர்ந்து வளைந்திருக்கும். பின்கால்கள் வலுவானவை, உந்தித் தாவும் விசை அங்கிருந்தே பிறக்கிறது. சாந்தமும் துணிவும் உள்ள குதிரை என்பார்கள்.

நம்மூரில் குதிரை வாங்குவோர் சுழி பார்ப்பதுண்டு. ஹோல்ஸ்டைன் விவசாயி தாய்வழியைப் பார்க்கிறார். ஒவ்வொரு பெட்டைக் குலத்துக்கும் ‘ஸ்டாம்’ என்ற எண் உண்டு. ஒரு குட்டியின் எண்ணைச் சொன்னால் அதன் பாட்டியையும் பூட்டியையும் சொல்லிவிடுவார்கள். தந்தைக் குதிரைகளை வெளியிலிருந்து வரவழைத்தும் இனம் தன் முகத்தை இழக்காததற்கு இதுவே காரணம் என்று கருதலாம். வேலை மாறியபோதெல்லாம் புதிய இரத்தம் கலந்தார்கள். தாய்க்குலத்தை மட்டும் கைவிடவில்லை.

புகழ்பெற்ற குதிரைகள்

மெட்டியோர், ஃபிரிட்ஸ் தீடெமானைச் சுமந்து 1952, 1956, 1960 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளிலும் பதக்கம் பெற்றது. பார்வைக்குத் தடித்த பழைய மாதிரிக் குதிரை. தடையருகே வந்தால் வேறு பிறவி. 1976 மொன்ட்ரியலில் கிறிஸ்டின் ஸ்டூக்கெல்பெர்கர் கிரானட்டின் மீது நடை நேர்த்திப் போட்டியான டிரெஸ்ஸாஜில் தங்கம் வென்றார். 1992 பார்சிலோனாவில் லுட்கர் பீர்பாமுக்குத் தங்கம் தந்த கிளாசிக் டச் பெட்டைக்குதிரை.

புதிய பொலிக்குதிரைகளைத் தேர்வது நொய்மூன்ஸ்டரில். சுமார் இரண்டரை வயதுக் குதிரைகள், சவாரி செய்பவர் இல்லாமல் தாமாகவே தடைகளைத் தாண்டுகின்றன. நடுவர்கள் காலின் மடிப்பையும் முதுகின் வளைவையும் பார்க்கிறார்கள். தேறிய சில பண்ணைக்குப் போகின்றன. மற்றவை சவாரிக் குதிரைகளாக விலை போகின்றன.