சிவப்பு மணி முதல் தொடுதிரை வரை: குழந்தையின் மூச்சை எண்ணிய கருவிகள்

குழந்தையின் சட்டையை மேலே தூக்கிவிட்டு, நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் பார்த்து எண்ண வேண்டும். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் 50, ஒரு வயது முதல் ஐந்து வயதுக்குள் என்றால் 40. எண்ணிக்கை இதைத் தொட்டாலே அது வேக மூச்சு. இருமலோடு வந்த குழந்தைக்கு நிமோனியா இருக்குமா, ஆன்டிபயாடிக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு, மருத்துவர் இல்லாத ஊர்களின் சுகாதாரப் பணியாளர்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த இரண்டு எண்களை வைத்துத்தான் விடை சொல்லிவருகிறார்கள். இப்போது பல இடங்களில் அந்தக் கேள்வியைக் கேட்பது கைபேசியின் திரை.

மருத்துவ முடிவுகளுக்குத் துணைசெய்யும் கருவிகளின் வரலாற்றைக் கணினியிலிருந்து தொடங்குவதே வழக்கம். ஆனால், கிராமத்துச் சுகாதார நிலையத்தில் இருக்கும் கைபேசிக்கு இன்னொரு வம்சாவளியும் உண்டு. அதில் மணற்கடிகாரம் இருக்கிறது, கோத்த மணிகள் இருக்கின்றன, அட்டை போட்ட காகிதக் கையேடு இருக்கிறது. இரு வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இன்றைய செயலிகள் ஏன் சில இடங்களில் வென்றன, சில இடங்களில் ஏன் தடுமாறின என்பது பிடிபடும்.

பேராசிரியரோடு ஒரு போட்டி

கணினியின் வழி 1959-இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் ராபர்ட் லெட்லியும் லீ லஸ்டடும் அந்த ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை, நோயறிதல் என்பது தர்க்கமும் நிகழ்தகவும் சேர்ந்த கணக்கு என்று வாதிட்டது. கணக்கு என்றால் கணினியும் போடலாம் அல்லவா?

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் டி டொம்பால் என்ற அறுவை மருத்துவர் அதைப் போட்டுப் பார்த்தார். திடீர் வயிற்றுவலியோடு வந்த 304 நோயாளிகளின் விவரங்களைக் கணினிக்குக் கொடுத்தார். 1972-இல் வெளியான முடிவின்படி, கணினி சரியாகச் சொன்னது 91.8 சதவீதம், குழுவின் மூத்த மருத்துவர் சரியாகச் சொன்னது 79.6 சதவீதம். இதைவிடச் சுவையான செய்தி பிறகு வந்தது. ஆய்வு நடந்த காலத்தில் மருத்துவர்களின் கணிப்பும் மேம்பட்டது. ஆய்வு முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்பியது. கணினிக்காக ஒரே வரிசையில் கேள்வி கேட்டுப் படிவத்தில் எழுதியதும், தங்கள் கணிப்பு சரியா தவறா என்று உடனுக்குடன் தெரிந்ததுமே அவர்களைக் கூர்மையாக்கியிருந்தன.

ஸ்டான்ஃபோர்டில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் உருவாக்கிய ‘மைசின்’ இன்னும் புகழ் பெற்றது. ரத்தத்தில் பரவும் தொற்றுக்கும் மூளைக்காய்ச்சலுக்கும் எந்த ஆன்டிபயாடிக் என்று அது சில நூறு விதிகளைக் கொண்டு பரிந்துரைத்தது. 1979-இல் வெளியான ஒப்பீட்டில் துறைப் பேராசிரியர்களுக்குச் சமமாகவே நின்றது. ஆனாலும், எந்த நோயாளியின் சிகிச்சைக்கும் அது நடைமுறையில் பயன்படவில்லை. ஒரு நோயாளிக்காக முனையத்தின் முன் அரை மணி நேரம் உட்கார்ந்து விடைகளைத் தட்டச்சு செய்ய எந்த மருத்துவருக்கு நேரம் இருந்தது? அதுவும் அந்த விடையைத் தாமே அறிந்த பேராசிரியர் பக்கத்து அறையிலேயே இருக்கும்போது?

கொரோகாவும் வேலூரும்

பக்கத்து அறையில் பேராசிரியர் இல்லாத இடத்தில்தான் இரண்டாவது வழி பிறந்தது. பப்புவா நியூ கினியின் மலைப்பகுதியில் உள்ள கொரோகா மருத்துவமனையில் ஃபிராங்க் ஷான் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஓர் எளிய கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். எக்ஸ்ரேயும் ஸ்டெதாஸ்கோப்பும் இல்லாமல், இருமும் குழந்தைகளில் யாருக்கு மருந்து தேவை என்று சொல்ல முடியுமா? 1984-இல் அவர்கள் வெளியிட்ட விடை, நிமிடத்துக்கு 50 மூச்சு. நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே இழுத்தால் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

அடுத்த அடி தமிழ்நாட்டில் வைக்கப்பட்டது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் தாமஸ் செரியன், டி. ஜேக்கப் ஜான் ஆகியோரின் குழு 1988-இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, எல்லா வயதுக்கும் ஒரே எண் பொருந்தாது என்று காட்டியது. கைக்குழந்தைக்கு 50 சரி. ஒரு வயது கடந்த குழந்தைக்கு 40 என்று வைத்தால்தான் நோயுள்ள குழந்தைகள் தப்பிப்போக மாட்டார்கள். பிற்பாடு உலக சுகாதார நிறுவனத்தின் கையேடுகளில் ஏறியதும் இதே பிரிப்புதான்.

விதி மிகவும் முரட்டுத்தனமானது. சாதாரண வைரஸ் சளி வந்த குழந்தைகள் பலரையும் அது நிமோனியாக் கணக்கில் சேர்த்துவிடும். தெரிந்தேதான் அப்படி வைத்தார்கள். சில குழந்தைகளுக்குத் தேவையில்லாமல் மருந்து போனாலும் பரவாயில்லை, ஒரு குழந்தையும் மருந்தின்றிச் சாகக் கூடாது. தவிர, தலையில் தங்க வேண்டிய விதி இதற்கு மேல் சிக்கலாக இருக்கவும் முடியாது.

பத்து மூச்சுக்கு ஒரு மணி

மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதியர் இந்த விதியை ஊர் மருத்துவச்சிகளிடம் கொண்டுபோனபோது, 50 என்பதே பெரிய எண்ணாக இருந்தது. பலருக்குப் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் எண்ணத் தெரியாது. அதற்காக அவர்கள் செய்த கருவியில் ஒரு நிமிட மணற்கடிகாரமும் கம்பியில் கோத்த மணிகளும் இருந்தன. பத்து மூச்சு எண்ணியதும் ஒரு மணியைத் தள்ள வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு ஒரு வரிசை, பெரிய குழந்தைக்கு இன்னொரு வரிசை. மணல் முழுதும் இறங்குவதற்குள் கடைசியில் உள்ள சிவப்பு மணி நகர்ந்துவிட்டால் அது நிமோனியா.

எழுத்தோ எண்ணோ திரையோ இல்லாமல், தகவலை வாங்கி முடிவைச் சொன்ன கருவி அது. கட்சிரோலியில் மருத்துவச்சிகளையும் கிராமச் சுகாதாரப் பணியாளர்களையும் கொண்டு வீட்டருகிலேயே நிமோனியாவுக்குச் சிகிச்சை தந்த ஆய்வு 1990-இல் வெளியானது. பணி நடந்த கிராமங்களில் குழந்தைகளின் நிமோனியா மரண விகிதம், ஒப்பீட்டுக் கிராமங்களில் இருந்ததில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது.

புத்தகம் திரைக்குள் போனது

1990-களின் நடுவில் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் நிமோனியா, வயிற்றுப்போக்கு, மலேரியா, தட்டம்மை, ஊட்டச்சத்துக் குறைவு எல்லாவற்றையும் ஒரே கையேட்டில் சேர்த்தன. இளஞ்சிவப்புக் கட்டம் என்றால் உடனே மருத்துவமனை, மஞ்சள் என்றால் இங்கேயே மருந்து, பச்சை என்றால் வீட்டுப் பராமரிப்பு. காகிதத்தில் அச்சிட்ட நிரல் என்றே அதைச் சொல்லலாம். சிக்கல் என்னவென்றால், பயிற்சி முடிந்து சில மாதங்களில் பலர் கையேட்டைத் திறப்பதே இல்லை. வாசலில் வரிசை நிற்கும்போது பக்கம் புரட்ட நேரம் ஏது? நினைவிலிருந்து பார்த்தார்கள், நினைவு சில கேள்விகளைத் தாண்டிப்போனது.

இரண்டு வழிகளும் சந்தித்தது இங்கேதான். தான்சானியாவின் ம்ட்வாரா பகுதியில் பிரையன் டிரென்சியின் குழு அந்தக் கையேட்டைக் கையடக்கக் கணினியில் ஏற்றியது. ஒரு கேள்விக்கு விடை தராமல் அடுத்த கேள்வி வராது. 2008-இல் வெளியான அந்தச் சிறிய சோதனையில், கேட்க வேண்டியவற்றுள் உண்மையில் கேட்கப்பட்டவை 61 சதவீதத்திலிருந்து 84.7 சதவீதமாக உயர்ந்தன.

அதுவரை திரை செய்தது புத்தகத்தின் வேலையை மட்டுமே. புத்தகத்தால் முடியாததைச் செய்யும் கட்டம் அடுத்து வந்தது. மூச்சு எண்ணுவதையே எடுத்துக்கொள்வோம். கனடாவில் உருவான ‘ஆர்ரேட்’ செயலியில், குழந்தை மூச்சு இழுக்கும் ஒவ்வொரு முறையும் திரையைத் தட்டினால் போதும். தட்டுகளின் இடைவெளி சீராக இருக்கிறதா என்று பார்த்து, சுமார் பத்து விநாடிகளில் நிமிடக் கணக்கைச் சொல்லிவிடும்.

விதியின் சிக்கலுக்கு இருந்த வரம்பும் தளர்ந்தது. தார் எஸ் சலாம் நகரில் சோதிக்கப்பட்ட ‘ஈபாக்ட்’ என்ற டேப்லெட் கருவி, பணியாளர் எண்ணிச் சொல்லும் மூச்சோடு நிற்பதில்லை. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரின் அளவைக் கேட்கிறது. தேவைப்பட்டால் ஒரு சொட்டு ரத்தத்தில் சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் புரதம்), மலேரியா பரிசோதனை செய்யச் சொல்கிறது. 2017-இல் வெளியான ஆய்வில், அதற்கு முந்தைய ‘அல்மனாக்’ என்ற மின்கையேட்டின்படி ஆன்டிபயாடிக் பெற்ற குழந்தைகள் சுமார் 30 சதவீதம். ‘ஈபாக்ட்’ வழியில் சுமார் 11 சதவீதம். குணமாகாமல் போனவர்களின் விகிதமும் 4.1-லிருந்து 2.3 சதவீதமாகக் குறைந்தது. கொரோகாவின் முரட்டு விதியை மெருகேற்ற முப்பது ஆண்டுகள் ஆயின.

திரைக்கு வெளியே

எல்லா இடத்திலும் கதை இப்படி முடியவில்லை. ஹரியானா, கர்நாடக மாநிலங்களின் 40 சமூக நல மையங்களில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் ‘எம்வெல்கேர்’ என்ற டேப்லெட் கருவி சோதிக்கப்பட்டது. செவிலியர் விவரம் பதிய, மருந்துப் பரிந்துரை மருத்துவருக்குப் போகும். ஒப்பீட்டு மையங்களுக்குப் பயிற்சியும் சிகிச்சை விளக்க அட்டைகளும் மட்டுமே கொடுக்கப்பட்டன. 2019-இல் வந்த முடிவில் இரு தரப்பு நோயாளிகளுமே முன்னேறியிருந்தார்கள். குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. மருத்துவர்களைக் கூர்மையாக்கிய லீட்ஸ் நகரின் படிவம் நினைவுக்கு வருகிறது. பெரிய மருத்துவமனைகளிலோ தொல்லை வேறு விதம். மருந்து பற்றிய கணினி எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை மருத்துவர்கள் ஒதுக்கித் தள்ளுவதாக 2006-இல் வெளியான தொகுப்பாய்வு சொன்னது. ஓயாமல் அடிக்கும் மணிக்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கிராமச் சுகாதார நிலையத்தில் எச்சரிக்கை மழை இல்லை. அங்கே வேறு தேவைகள்: டேப்லெட்டுக்கு மின்சாரம், ரத்தப் பரிசோதனைக்குக் கீற்று, அலமாரியில் அமாக்ஸிசிலின். கூடவே ஒரு பழைய நிபந்தனையும். அழும் குழந்தையின் மூச்சை எண்ணக் கூடாது என்று காகிதக் கையேடு சொல்லியிருந்தது. தொடுதிரை வந்த பிறகும் அது மாறவில்லை. தாயின் மடியில் குழந்தை அடங்கும்வரை, கட்டைவிரலைத் திரைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி பணியாளர் காத்திருக்கிறார். வெளியே வரிசையும் காத்திருக்கிறது.