கீழாநெல்லி சென்ற தூரம்

1988ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்த ஒரு சிறு கட்டுரைக்கு முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் எஸ்.பி. தியாகராஜன், இறுதி ஆசிரியர் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க அறிஞர் பரூக் பிளம்பர்க். பேசுபொருள், நம் வரப்போரத்துக் கீழாநெல்லி. ஹெப்படைட்டிஸ் பி வைரஸை நெடுநாளாக உடலில் சுமந்திருந்த 37 பேருக்கு அந்த மூலிகை மருந்து 30 நாள் தரப்பட்டது. மருந்தை நிறுத்திய 15 முதல் 20 நாளில் சோதித்தபோது 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் இல்லை. வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அது மறைந்திருந்தது.

அந்தப் புரதத்தை உலகுக்குக் காட்டியவரே பிளம்பர்க்தான். 1960களில் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தில் அதைக் கண்டு, பின்னர் இர்விங் மில்மன் என்பவருடன் சேர்ந்து தடுப்பூசிக்கும் வழி கண்டார். அதே இருவரும் வெங்கடேஸ்வரன் என்ற ஆய்வாளரும் 1987இல் கீழாநெல்லிச் சாற்றை ஆய்வுக்கூடத்திலும், ஹெப்படைட்டிஸ் பியை ஒத்த வைரஸ் தாக்கும் உட்சக் என்ற கொறிவிலங்கிலும் சோதித்திருந்தார்கள். அதற்கும் முன்பே, 1982இல், தியாகராஜன் குழு கீழாநெல்லியையும் கரிசலாங்கண்ணியையும் சோதனைக் குழாயில் ஆராய்ந்திருந்தது. வீட்டில் மோரில் கலக்கிக் குடித்த பச்சிலை ஒன்று, ஆறே ஆண்டில் இத்தனை கைகளில் புரண்டது எளிய செய்தியன்று.

பாட்டி வைத்தியத்தில் கீழாநெல்லியின் பெயர் நிலைத்ததற்குக் காரணம் மஞ்சள் காமாலை. ஆயுள் முடிந்த சிவப்பணுக்கள் சிதைகையில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி உண்டாகிறது. கல்லீரல் அதை நீரில் கரையும் வடிவத்துக்கு மாற்றிப் பித்தத்தோடு வெளியேற்றும். கல்லீரல் தளர்ந்தால் நிறமி தேங்கிக் கண் மஞ்சளிக்கும். ஆனால், அசுத்தமான நீரால் பரவும் ஹெப்படைட்டிஸ் ஏ பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். பெரியவர்களைத் தொற்றும் பி வைரஸும் பெரும்பாலும் அப்படியே விலகும். இலையை அரைத்துக் குடித்துப் பத்தியம் இருந்தவரின் கண் தெளிந்தால், இலை குணமாக்கியதா, உடலே தேறியதா என்று அந்த ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது. வெற்று மருந்துக் குழு ஒன்று தேவைப்படுவது இதனால்தான். மூலிகையை அவமதிக்கும் சோதனை இது என்று சிலர் வருந்துகிறார்கள். அதற்குத் தரக்கூடிய உண்மையான மரியாதை இதுவே என்பது என் துணிபு.

பி வைரஸின் ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. பிறக்கும்போது தாயிடமிருந்து அதைப் பெறும் குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு அது உடலில் நிலைத்துவிடுகிறது. கண் மஞ்சளிப்பதில்லை, காய்ச்சல் இல்லை. வைரஸ் நேரே கல்லீரல் அணுவைக் கொல்வதும் இல்லை. அதை ஒழிக்க வரும் நம்முடைய வெள்ளணுக்களே தொற்றிய அணுக்களைத் தாக்குகின்றன. ஆண்டுக்கணக்கில் இந்தப் போர் நீளும்போது தழும்பு இறுகிச் சிரோசிஸும், சிலருக்குப் புற்றுநோயும் வருகின்றன. வைரஸின் மரபுப்பொருளோ அணுவின் உட்கருவுக்குள் மூடிய வளையமாக அமர்ந்து, புதுப்புதுப் பிரதிகளுக்கு அச்சாக இருந்துகொண்டேயிருக்கிறது. இன்று நாம் நம்பியிருக்கும் டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் பிரதியெடுக்கும் நொதியைத் தடுக்கின்றன. வளையத்தை அவை தொடுவதில்லை. பல ஆண்டுகள் உண்டாலும் மேலுறைப் புரதம் முற்றிலும் மறைவது அரிது. இதை வைத்துப் பார்த்தால், ஒரே மாதத்தில் ஐவரில் மூவருக்கு மறைந்தது என்ற சென்னை முடிவு எவ்வளவு பெரிய சொல் என்று விளங்கும்.

அது பிற இடங்களில் நிற்கவில்லை. தாய்லாந்தில் 1990இல் வெளியான ஆய்வும், நியூசிலாந்தில் 1994இல் வெளியான ஆய்வும் அத்தகைய பலனைக் காணவில்லை. 2011இல் கோக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து, வெற்று மருந்தைவிட இது மேல் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றது.

ஏன் இப்படி? முதலில் செடி எது என்ற கேள்வியே சிக்கலானது. இந்திய நூல்கள் ‘ஃபில்லாந்தஸ் நிரூரி’ என்று எழுதிவந்தது ஒரே செடி அல்ல. அமாரஸ், ஃப்ரட்டெர்னஸ், டெபிலிஸ் என மூன்று இனங்களின் கலவை என்று 1985இல் மித்ராவும் ஜெயினும் தெளிவுபடுத்தினார்கள். உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. இனம் சரியாக இருந்தாலும் மண்ணும் பறிக்கும் பருவமும் உலர்த்தும் முறையும் மாறினால் சேர்மங்களின் அளவு மாறும். ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின் என்ற லிக்னான்களும் ஜெரானியின் போன்ற டானின்களும் இதில் உண்டு. டானின்கள் எந்தப் புரதத்தோடும் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. சோதனைக் குழாயில் ஒரு புரதம் செயலிழந்தால் அது மருந்தின் வேலையா, வெறும் துவர்ப்பின் ஒட்டலா என்று பிரித்தறிவது கடினம். குழாயில் வென்ற எத்தனையோ சாறுகள் மனித உடலில் தோற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

இருந்தும் தேடல் வீண்போகவில்லை. 1997இல் தியாகராஜன் பங்கேற்ற இன்னோர் ஆய்வு, வைரஸின் மரபுப்பொருளில் ‘என்ஹான்சர்’ என்னும் தூண்டுபகுதியோடு கல்லீரல் அணுவின் புரதங்கள் இணைவதைக் கீழாநெல்லிச் சாறு குலைக்கிறது என்று காட்டியது. ‘காமாலைக்கு நல்லது’ என்பதிலிருந்து ‘எந்தப் பூட்டில் எந்தச் சாவி’ என்பதற்கு வந்த தூரம் அது. சாற்றில் உள்ள எந்த மூலக்கூறு அதைச் செய்கிறது, விழுங்கினால் போதிய அளவு கல்லீரலுக்குள் சேர்கிறதா என்பவை அடுத்த படிகள்.

நித்தியகல்யாணி இந்தப் படிகளை ஏறியது. நீரிழிவுக்கு நல்லது என்ற நம்பிக்கையை ஒட்டி, கனடாவில் ராபர்ட் நோபிள் அதன் சாற்றை எலிகளுக்குக் கொடுத்தார். சர்க்கரை குறையவில்லை; வெள்ளணுக்கள் குறைந்தன. எதிர்பாராத அந்த முடிவை அவர் ஒதுக்கவில்லை. அவரும் சார்லஸ் பீரும் 1950களின் இறுதியில் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். அணு பிரியும்போது உருவாகும் நுண்ணிழைகளின் டியூபுலின் புரதத்தை அது பற்றிக்கொள்கிறது. அதன் உறவான வின்கிரிஸ்டின் இன்றும் குழந்தைகளின் இரத்தப் புற்றுக்குத் தரப்படுகிறது. பரம்பரை நம்பிக்கை சொன்ன நோய் ஒன்று, செடி தீர்த்த நோய் வேறொன்று.

கீழாநெல்லி எந்தப் பக்கம் திரும்புமோ, அதை ஆய்வுக்கூடம் சொல்லட்டும். இடையில் நோயாளி காத்திருக்கக் கூடாது. காமாலை வந்தவர் கஷாயம் குடித்தாலும் இரத்தத்தில் மேலுறைப் புரதச் சோதனை செய்துகொள்ள வேண்டும்; அது ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால் கல்லீரல் மருத்துவரின் கண்காணிப்பில் இருக்க வேண்டும். வீட்டிலுள்ள மற்றவர்களையும் சோதித்து, தொற்று இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போட வேண்டும். தாய்க்கு வைரஸ் இருந்தால் குழந்தைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி.