முகம் கொடுத்தவர்

ஸ்ரீபெரும்புதூரில் உடையவர் சந்நிதிக்கு முன்னால் போய் நின்றால், பக்கத்தில் நிற்பவர் யாராவது சொல்லிவிடுவார்: "இது தானுகந்த திருமேனி, ஸார்!" 1017-ல் ராமாநுஜர் பிறந்த ஊர் அது. அவர் ஜீவித்திருந்த காலத்திலேயே சீடர்கள் செய்வித்த விக்கிரகம் என்றும், அதை அவரே ஆரத் தழுவி ஏற்றுக்கொண்டார் என்றும் பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். அந்த முகம் தம்முடையதுதான் என்று அதற்கு உரியவரே சம்மதம் கொடுத்துவிட்டார். அப்புறம் நமக்கு என்ன பேச்சு?

வெளியே வந்து பஸ் ஏறினேன். ஒரகடத்துக் கார்த் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்த பையன்கள் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் வீட்டுக் காலண்டர் ஞாபகத்துக்கு வந்தது. அதில் சங்கீத மும்மூர்த்திகள் எழுந்தருளியிருக்கிறார்கள். அவர்களுடைய முகங்களுக்குச் சம்மதம் கொடுத்தது யார்?

தியாகராஜர் சித்தியடைந்தது 1847-ல். தீக்ஷிதர் 1835-லும், சியாமா சாஸ்திரிகள் 1827-லும் போய்விட்டார்கள். புகைப்படக் கலையை உலகத்துக்கு அறிவித்ததே 1839-ல்தான். தியாகராஜருக்குச் சில பழைய சித்திரங்கள் உண்டு என்றாலும், இன்று நாம் கண்ணை மூடினால் தெரிகிற மூன்று முகங்கள் நீர்வர்ணத்தில் பிறந்தவை. அவற்றை எழுதியவர் எஸ். ராஜம்.

ராஜம் பிறந்தது 1919-ல். பதினைந்து வயதில் ராமனாக வேஷம் போட்டவர்! 1934-ல் வந்த 'சீதா கல்யாணம்' படத்தில் அவர் ராமர். தங்கை ஜெயலக்ஷ்மி சீதை. தகப்பனார் சுந்தரமய்யர் ஜனகர். தம்பி பாலசந்தர் ராவணன் சபையில் கஞ்சிரா வாசித்தான். பின்னால் வீணையில் பெரும் புகழ் பெற்ற அதே பாலசந்தர்தான். சொந்த அண்ணனுக்குத் தங்கையைக் கல்யாணம் செய்து வைத்ததைப் பற்றி அக்காலத்து மயிலாப்பூர் என்ன சொல்லியிருக்கும் என்று கற்பனை செய்து பார்க்கிறேன்.

சினிமாவை விட்டு அவர் சென்னைக் கலைப் பள்ளிக்குப் படிக்கப் போனார். 1850-ல் டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளி அது. அதன் வாசலில் ஓடுகிற பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே மேற்கே போய்க்கொண்டிருந்தால் உடையவர் ஊருக்கு வந்து சேரலாம். அப்போது பள்ளித் தலைவராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌதுரி. வங்காளத்து அவனீந்திரநாத் தாகூரின் மாணவர். அந்த அவனீந்திரர்தான், 1903 வாக்கில் கல்கத்தாவுக்கு வந்த ஜப்பானியச் சித்திரக்காரர்கள் காகிதத்தை ஈரத் தூரிகையால் நனைப்பதைப் பார்த்துவிட்டு, சித்திரத்தையே தண்ணீரில் முக்கி எடுத்தவர்.

ராஜம் வாழ்நாள் முழுவதும் கைக்கொண்டதும் இந்த 'வாஷ்' முறையைத்தான். பென்சிலால் கோடு போட்டு, வர்ணம் பூசி, காய்ந்ததும் தண்ணீரால் கழுவிவிட வேண்டும். மேலாக நிற்பது போய்விடும். காகிதம் உள்ளே வாங்கிக்கொண்டது மட்டும் தங்கும். அதன்மேல் மறுபடி பூச்சு, மறுபடி குளியல். பல தடவை இப்படிச் செய்த பிறகு, மெல்லிய தூரிகையால் கண்ணையும் விரலையும் திருத்துவது. நம் ஊர்ச் சீதோஷ்ணத்தில் இது லேசான காரியம் அல்ல. சித்திரை வெயிலில் தட்டு நிறையக் குழைத்த வர்ணம் தூரிகையை எடுப்பதற்குள் காய்ந்துபோகும். ஐப்பசி மழையிலோ காகிதம் காயவே காயாது. பூஞ்சணம் வந்து உட்கார்ந்துகொள்ளும். எழுதினதில் பாதியைக் கழுவிவிடுவது என்று வந்தால், என்னைப் போன்ற நாவலாசிரியர்கள் தொழிலையே விட்டுவிடுவோம்!

அஜந்தா, சிகிரியா, சித்தன்னவாசல் சுவர்களைப் பார்த்துப் பார்த்து அவர் கோடு பழகினார். ஆனால் மும்மூர்த்திகளின் முகத்தை எந்தச் சுவரிலிருந்து எடுப்பது? அதற்கு விடை அவர் காதில் இருந்தது என்பது என் அபிப்பிராயம். ராஜம் தேர்ந்த பாடகர். அகில இந்திய வானொலியில் பல வருஷங்கள் சங்கீதப் பொறுப்பில் இருந்தவர். எழுபத்திரண்டு மேளகர்த்தா ராகங்களிலும் கோடீஸ்வரய்யர் செய்த தமிழ்க் கீர்த்தனங்களைப் பாடிப் பரப்பியவர். தீக்ஷிதர் கிருதிகளை அவர் கற்றது அம்பி தீக்ஷிதரிடம். முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி வழியில் வந்த குடும்பத்தவர் அவர். பாட்டின் நடையை முதலில் தொண்டையில் வாங்கிக்கொண்டு, அப்புறம் ஆளை எழுதியிருக்கிறார். தம்பூராவைப் பிடித்திருக்கும் தியாகராஜரையும், வீணையோடு அமர்ந்திருக்கும் தீக்ஷிதரையும் ஒரு நிமிஷம் இடம் மாற்றி வைத்துப் பாருங்கள், மனம் ஒப்புகிறதா?

சரித்திரப்படி அந்த முகங்கள் சரியா என்று கேட்டால், சாட்சி சொல்ல யாரும் இல்லை. அதனால் எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கிறது. ஒரு மனிதருடைய ஊகம் கோடி வீடுகளில் உண்மையாகிவிட்டது. தானுகந்த திருமேனி அல்ல, ஜனங்கள் உகந்த திருமேனி.

மயிலாப்பூர் நடுத்தெருவில் எளிமையாக வாழ்ந்த ராஜம், 2010 ஜனவரி 29-ல் காலமானார். எங்கள் வீட்டுக் காலண்டரில் அச்சகத்தின் பெயர் இருக்கிறது. நகைக்கடையின் பெயர் தங்க எழுத்தில் இருக்கிறது. வீடு திரும்பியதும் பென்சிலை எடுத்துப் படத்தின் அடியில் 'ராஜம்' என்று எழுதி வைத்தேன்.

மறுநாள் காலையில் என் அத்தை காப்பியோடு வந்து அதை உற்றுப் பார்த்தாள். "ராஜம் யாருடா? படத்துக்கு உபயமா?" என்றாள்.